பிரிட்டன் நிரந்தரக் குடியிருப்பு: யார் அவசரப்பட வேண்டும், யார் அவசரப்படக் கூடாது

(அறக்கட்டளையின் 2025 டிசம்பர் மாதக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கடந்த இரண்டு மாதங்களாக நம் அலுவலகத்திற்கு வருகிற கர்ளு மனுக்களில் பாதிக்கு மேல் ஒரே வாசகத்தோடு தொடங்குகின்றன. "இங்கிலாந்தில் சட்டம் மாறப்போகிறது, அதற்குள்..." என்று. அதற்குப் பிறகு வருகிற வாசகம்தான் இரண்டு விதமாக இருக்கிறது. சிலர், "அதற்குள் என் மகன் அங்கே பி.ஆர். வாங்கிவிட வேண்டும், கட்டணத்துக்குப் பணம் வேண்டும்" என்கிறார்கள். மற்றவர்கள், "அதற்குள் என் மகனை எப்படியாவது அங்கே அனுப்பிவிட வேண்டும், ஏஜெண்ட் பதினைந்து லட்சம் கேட்கிறார்" என்கிறார்கள். கேட்பதற்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் இரண்டும் எதிரெதிர் திசையில் போகிற காரியங்கள். முதல் ஆளுக்கு அவசரம் நியாயமானது. இரண்டாவது ஆளை அந்த அவசரமே குழியில் தள்ளிவிடும். ஏன் என்று இன்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நிர்வாகிகள் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். வேலை விசாவில் பிரிட்டன் போன ஒருவர், ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளைகள் ஐ.எல்.ஆர். என்று சொல்வது இதைத்தான். நாம் பேச்சு வழக்கில் பி.ஆர். என்கிறோம். கடந்த மே மாதம் அந்த அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, இந்த ஐந்து வருடத்தைப் பத்து வருடமாக ஆக்கப்போவதாகச் சொன்னது. நவம்பர் 20ஆம் தேதி அங்கே உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் அதன் விவரத்தைப் பாராளுமன்றத்தில் வைத்தார். பொதுவாகப் பத்து வருடம். பட்டப்படிப்புத் தகுதி தேவைப்படாத வேலைகளில் இருப்பவர்களுக்கு, அதாவது கேர் ஹோம்களில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போன நம் பிள்ளைகளைப் போன்றவர்களுக்கு, பதினைந்து வருடம். அரசு மருத்துவமனை டாக்டர், நர்ஸ்களுக்கு ஐந்தாகவே இருக்கும். ஆண்டுக்கு 50,270 பவுண்டுக்கு மேல் மூன்று வருடம் சம்பாதித்தவர்களுக்கு ஐந்து வருடம் குறையும். ஆங்கிலத்தில் உயர்ந்த தேர்ச்சி காட்டினால் ஒரு வருடம் குறையும். அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் காலம் கூடும். மக்கள் கருத்து சொல்ல 2026 பிப்ரவரி 12 வரை அவகாசம். ஏப்ரல் முதல் மாற்றங்கள் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெரியவர் என்னிடம், "அந்த அமைச்சர் நம்மவர்தானே, நமக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டமாட்டாரா?" என்று கேட்டார். அவருடைய குடும்பம் காஷ்மீரின் மீர்பூரிலிருந்து போன குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் அவர் அந்த நாட்டின் அமைச்சர், அந்த நாட்டு வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பெயரைப் பார்த்து நாம் நம்பிக்கை வைப்பதும் தவறு, திட்டுவதும் தவறு.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் புதிய திட்டம், நாளை அங்கே போய் இறங்குகிறவர்களுக்கு மட்டும் என்று அரசு சொல்லவில்லை. ஏற்கனவே அங்கே இருந்து, இன்னும் ஐ.எல்.ஆர். வாங்காதவர்களுக்கும் பொருந்தும் என்றுதான் சொல்கிறது. நடுவழியில் நிற்பவர்களுக்கு ஏதாவது சலுகைக் காலம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஐ.எல்.ஆர். கையில் வாங்கிவிட்டவர்களின் உரிமையில் கைவைக்க மாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆக, இந்தத் திட்டத்தில் கணக்கில் வருவது விமானம் ஏறிய தேதி அல்ல, நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கிற தேதி. "ஏப்ரலுக்குள் உள்ளே போய்விட்டால் பழைய சட்டம் உங்களுக்கு" என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் அதற்கு ஆதாரம் கேளுங்கள். ஜனவரியில் போய் இறங்குகிற பையன் ஏப்ரலில் மூன்று மாதம்தான் முடித்திருப்பான். ஐந்து வருடக் கணக்கில் அவனுக்கு இன்னும் நாலே முக்கால் வருடம் பாக்கி. புதிய சட்டம் வந்தால் அது அவன் மேல்தான் முதலில் விழும்.

இன்னொன்றையும் ஏஜெண்டுகள் மறைக்கிறார்கள். கேர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கதவு 2025 ஜூலை 22ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டது. அதே நாளிலிருந்து மற்ற வேலை விசாக்களுக்கும் பெரும்பாலும் பட்டதாரித் தகுதி வேலை வேண்டும், பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. 2024 ஏப்ரலுக்கு முன்பு அது 26,200 பவுண்டாக இருந்தது. நினைத்துப் பாருங்கள். இப்போது "கேர் விசா ரெடி, கடைசி சான்ஸ்" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவர் விற்பது இல்லாத சரக்கு.

மூடப்படுகிற கதவை நோக்கி ஓடுவது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. நம் முன்னோர்கள் சபுராளிகள். ரஜூலா கப்பலில் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனபோது இந்தியாவும் மலாயாவும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. போவதும் வருவதும் அடுத்த ஊருக்குப் போவது போலத்தான். நாடுகள் தனித்தனியாக ஆன பிறகுதான் குடியுரிமை என்ற கேள்வியே வந்தது. "நாம் சம்பாதிக்கத்தானே வந்தோம், நமக்கெதுக்கு அந்த ஊர் குடியுரிமை" என்று எத்தனையோ பேர் விண்ணப்பிக்காமல் இருந்தார்கள். 1968இல் மலேசியா, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. நாற்பது வருடம் அங்கே கடை நடத்தியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பர்மாவில் 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது ரங்கூனிலிருந்து வந்த நம் மக்களின் நிலை அதைவிட மோசம். ஆக, உரிமை இருக்கும்போது எழுதி வாங்காமல் விட்டதால் இழந்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். இதை நான் அவசரத்திற்கு ஆதரவாகத்தான் சொல்கிறேன், தகுதி வந்துவிட்டவர்களுக்காக.

பிரிட்டனில் 1962இல் நடந்தது வேறு கதை. அதுவரை காமன்வெல்த் நாட்டவர் யாரும் அங்கே தாராளமாகப் போகலாம். 1962 ஜூலை 1 முதல் கட்டுப்பாடு வருகிறது என்று தெரிந்ததும் இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பெருங்கூட்டம் அதற்குள் போய்ச் சேர்ந்தது. வந்தவர்கள் பலர் நாலைந்து வருடம் சம்பாதித்துத் திரும்பலாம் என்று வந்த ஆண்கள். ஊருக்குத் திரும்பினால் மறுபடி வர முடியாதோ என்ற பயத்தில் அங்கேயே தங்கி, மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்குச் சட்டம் பார்த்தது உள்ளே நுழைந்த தேதியை. அதனால் ஓடியவர்களுக்குப் பலன் இருந்தது. இன்றைய திட்டம் பார்ப்பது அதை அல்ல. பழைய கதையைச் சொல்லி "அன்று ஓடியவன் பிழைத்தான்" என்று பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

நடுவழியில் இருப்பவர்கள், அதாவது இரண்டு, மூன்று வருடம் முடித்தவர்கள் என்ன செய்வது? இவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2006 ஏப்ரலில் அதே நாடு நிரந்தரக் குடியிருப்புக்கான காலத்தை நான்கு வருடத்திலிருந்து ஐந்தாக உயர்த்தியது. உயர்திறன் விசாவில் ஏற்கனவே வந்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், ஒரு அமைப்பாகத் திரண்டு நீதிமன்றம் போனார்கள். 2008இல் அவர்களுடைய விசா நீட்டிப்பு விதிகள் தொடர்பாகவும், 2009இல் இந்த நான்கு வருடப் பிரச்சினையிலும், ஏற்கனவே வந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கை நடுவில் மாற்றுவது நியாயமில்லை என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போதும் அதே தீர்ப்பு வரும் என்று அர்த்தமில்லை. அன்று அரசு எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழிகளை வைத்து வென்றார்கள். ஆனாலும் நடுவழியில் இருப்பவர்கள் பதறிப்போய் வேலையை விட்டுவிட்டு வருவதற்கோ, யாரோ ஒருவரிடம் பணம் கொடுத்துக் குறுக்கு வழி தேடுவதற்கோ இது நேரமில்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரி விவரம், முதலாளியின் கடிதம், பயணத் தேதிகள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேர்த்து வைப்பதுதான் வேலை. கருத்துக் கேட்பில் அவர்களும் தங்கள் நிலையைப் பதிவு செய்யட்டும். இணையத்தில் இலவசமாகச் செய்யலாம்.

இனி ஐந்து வருடம் நெருங்கியவர்கள் விஷயம். இதில் நம் வீடுகளில் இருக்கும் தவறான எண்ணங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

"என் மகன் லண்டன் போய் அஞ்சு வருஷம் ஆச்சு" என்று ஒரு தாய் சொன்னார். விசாரித்துப் பார்த்தால் ஒரு வருடம் படிப்பு, இரண்டு வருடம் படிப்புக்குப் பிந்தைய விசா, வேலை விசா வாங்கி இரண்டு வருடம். ஐந்து வருடக் கணக்கில் படிப்பு விசாவும் சேராது, அதற்குப் பிந்தைய விசாவும் சேராது. அந்தப் பையனின் கணக்கில் இருப்பது இரண்டு வருடம் மட்டுமே. இதைத் தாயிடம் சொல்ல அவனுக்கே தயக்கம். நீங்களாகவே உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: எத்தனை வருடம் ஆயிற்று என்று அல்ல, வேலை விசா எந்தத் தேதியில் தொடங்கியது என்று.

அடுத்தது மருமகள். மகன் போய் இரண்டு வருடம் கழித்து மருமகளை அனுப்பினோம். மகனுக்கு ஐந்து முடியும்போது மருமகளுக்கும் சேர்ந்து கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். கிடைக்காது. மனைவிக்கு அவருடைய சொந்த ஐந்து வருடம் தனியாக ஓடுகிறது. குழந்தைகளுக்கோ, பொதுவாகத் தாய் தகப்பன் இருவரும் நிரந்தரம் பெறும்போதுதான் கிடைக்கும். அங்கேயே பிறந்த குழந்தை தானாகப் பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிடும் என்பதும் தவறு. பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது நிரந்தரக் குடியிருப்போ குடியுரிமையோ பெற்றிருக்க வேண்டும்.

இதில் நம் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தலைப்பிரசவத்துக்கு மகளை ஏழாம் மாதம் ஊருக்கு அழைத்து வருகிறோம். பிரசவம் ஆகி, நாற்பது முடிந்து, "பிள்ளைக்கு மூணு மாசம் ஆகட்டும், தலை நிக்கட்டும்" என்று வைத்துக்கொள்கிறோம். ஆறு மாதம்தானே என்கிறோம். அந்த நாட்டுக் கணக்கில் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஆறு மாதம் என்பது 180 நாள் அல்ல, மாதங்களைப் பொறுத்து 181 முதல் 184 நாள். அதோடு அதே வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருப்பார், உம்ராவுக்கு ஒரு பத்து நாள் போயிருப்பார். எல்லாம் சேர்ந்தால் அந்தப் பெண்ணின் கணக்கு அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எண்ணக் கூடாது. எந்தத் தேதியில் ஆரம்பித்தாலும் அடுத்த பன்னிரண்டு மாதத்தைப் பார்ப்பார்கள். மகளை அழைத்து வராதீர்கள் என்று சொல்லவில்லை. டிக்கெட் போடும் முன் நாட்களை எண்ணிப் பாருங்கள், பத்துப் பதினைந்து நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய திட்டத்தில் மனைவிமார்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் சில வருடங்களாவது ஆண்டுக்கு 12,570 பவுண்டுக்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும் என்ற யோசனை அதில் உள்ளது. வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? விலக்கு உண்டா என்பது இறுதி விதி வரும்போதுதான் முடிவாகும். கருத்துக் கேட்பில் குறிப்பாக இதைப் பற்றி நம் மக்கள் எழுத வேண்டும்.

தகுதி வந்தவர்கள் ஐந்து வருடம் முடிவதற்கு 28 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கும் முன்னால் போட்டால் மறுத்துவிடுவார்கள், கட்டணமும் போகும். அதற்குள் அந்த நாட்டைப் பற்றிய தேர்வு ஒன்று எழுதியிருக்க வேண்டும். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். கட்டணம் 50 பவுண்டு. அந்த நாட்டின் மன்னர் வரலாறெல்லாம் கேட்பார்கள். நம் பிள்ளைகள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். படித்த பிள்ளைகளே இதில் தோற்றிருக்கிறார்கள். ஆறு மாதம் முன்பே எழுதி வைத்துவிடலாம், சான்றிதழ் காலாவதி ஆகாது.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 3,029 பவுண்டு. குழந்தைக்கும் அதேதான். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 12,116 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 14.5 லட்சம். பெரிய தொகைதான். ஆனால் இதைக் கட்ட முடியாமல் தள்ளிப்போட்டு, காலம் பத்து வருடமாகிவிட்டால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். மருத்துவச் சந்தா மட்டும் பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. அதே நால்வர் குடும்பம் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கட்டினால் 18,110 பவுண்டு, கிட்டத்தட்ட 21.7 லட்சம். விசாக் கட்டணம் தனி. மருத்துவத் துறை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சந்தா கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு. அதனால்தான் சொல்கிறேன், தகுதி வந்தவருக்கு அவசரம் நியாயம் என்று.

இந்தக் கட்டணத்துக்காக நகையை வட்டிக்கு வைக்கிறார்கள். ஒரு வீட்டில் பெண்ணின் மஹர் நகையே போய்விட்டது. இதைப் பற்றி நிர்வாகக் குழுவில் மூன்று அமர்வுகள் பேசினோம். "வெளிநாட்டில் சம்பாதிப்பவனுக்கு ஏன் நாம் கடன் கொடுக்க வேண்டும், இங்கே பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் கிடையாது என்று முடிவு செய்தோம். கல்வி உதவியிலும் கைவைக்கவில்லை. வட்டியில்லாக் கர்ளு நிதியிலிருந்து மட்டும், ஐந்து வருடம் முடிந்து தகுதி உறுதியானவர்களுக்கு, கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், பதினெட்டு மாதத்தில் திருப்ப வேண்டும், உள்ளூரில் இருவர் ஜாமீன் என்று ஏற்றுக்கொண்டோம். ஏஜெண்டுக்குக் கொடுக்க, ஸ்பான்சர் சான்றிதழ் "வாங்க", படிப்பு என்ற பெயரில் போய் வேலை தேட என்று வரும் மனுக்களை ஏற்பதில்லை. இதில் சிலருக்கு என் மேல் வருத்தம் இருக்கிறது. தெரியும்.

ஏன் ஏற்பதில்லை என்றால், ஸ்பான்சர் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல. அதற்காக முதலாளி கட்டும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. நம் நாட்டுச் சட்டத்திலும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய உச்சபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதினைந்து லட்சத்துக்கு அவர் ரசீது கொடுப்பாரா? கேட்டுப் பாருங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு பையன், பெயரும் ஊரும் வேண்டாம், இப்படிப் பணம் கொடுத்து கேர் விசாவில் போனான். அங்கே போனால் வாரத்துக்குப் பத்து மணி நேரம்கூட வேலை இல்லை. எட்டு மாதத்தில் அந்த நிறுவனத்தின் உரிமத்தை அரசு ரத்து செய்தது. கடந்த சில வருடங்களில் இப்படி நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உரிமம் இழந்திருக்கின்றன. புதிய முதலாளி தேட 60 நாள் அவகாசக் கடிதம் வந்தது. கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினால் கடன்காரர்கள் நிற்கிறார்கள். திரும்பாவிட்டால் சட்டவிரோதமாகத் தங்கியவன் ஆகிவிடுவான், அதன்பின் எந்த வழியும் சுலபமில்லை. அவனுடைய அத்தாவுக்கு அறுபத்தைந்து வயது. மறுபடி ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறார். பையன் திரும்பி வந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ், இப்போது திருச்சியில் வேலை பார்க்கிறான். தைரியமாகத் திரும்பியதற்கு நான் அவனைப் பாராட்டுகிறேன். ஊர்தான் அவனை ஒரு மாதிரி பார்க்கிறது. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் அங்கே ஒளிந்து வாழ்கிறார்கள்.

கொஞ்சம் நடைமுறை விஷயங்கள். ஒரு நிறுவனத்துக்கு ஸ்பான்சர் உரிமம் இருக்கிறதா என்று பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே ஆலோசனை கொடுப்பவர் சொலிசிட்டராகவோ, இமிகிரேஷன் அட்வைஸ் அதாரிட்டியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. முன்பிருந்த அட்டை வடிவ அனுமதி இப்போது இல்லை, எல்லாம் இ-விசா. அந்தக் கணக்கில் பழைய பாஸ்போர்ட் எண் இருந்தால் விமான நிலையத்தில் சிக்கல் வரும், பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் மாற்றிவிடச் சொல்லுங்கள். ஐ.எல்.ஆர். வாங்கியபின் இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அது போய்விடும். வளைகுடாவில் நல்ல வேலை கிடைத்தது என்று போகிறவர்கள் இதை மறக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு முதல், அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் அலுவலகத்தில் இதற்காகவே உட்காருகிறோம். வருபவர்கள் பிள்ளையின் வேலை விசா தொடங்கிய தேதி, மருமகளின் விசாத் தேதி, இருவரும் ஊருக்கு வந்து போன தேதிகள், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட் நகல் வேண்டாம், அசலும் வேண்டாம். யாருடைய பாஸ்போர்ட்டையும் அறக்கட்டளை வாங்கி வைத்துக்கொள்ளாது. வேறு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மஃக்ரிபுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம். பெண்கள் பக்கத்திலிருந்து சீட்டு எழுதி அனுப்புங்கள், அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.